சிவப்புக் கோடு விழுந்த பன்னிரண்டு பெயர்

எனக்கு அறுபத்துமூன்று வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். தங்கச்சி விட்டுப்போன ஒன்றையும் சேர்த்தால் ஏழு. இப்போது மகளின் மகளும் என் கையில்தான் வளர்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். அதற்காக எனக்கு எழுத்துத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரை வாசிப்பேன். பசளைப் பையில் இருக்கிறதைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். என் பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். நீளமாக எழுதத்தான் கை வராது. அது ஏன் வராமல் போனது என்பதும் இதற்குள் வரும்.

இதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் மூன்று பேர். குளக்கட்டுக்குக் கீழே இருக்கிற அக்கா, ஆலடி வளவு அண்ணை, மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிற என் வயதுக்காரி. அன்றைக்குக் காட்டுக்குப் போன பன்னிரண்டு பேரில் என்னோடு சேர்த்து இப்போது நாலு பேர்தான் மிச்சம்.

சங்கக்கடை மனேச்சர் எழுதிய கடிதத்தில் நாங்கள் நாலு பேரும் ஒப்பம் வைத்திருக்கிறோம். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் கள்ள இடாப்பு வைத்திருக்கிறார், வரவு எழுதுகிற கொப்பியில் வராத பிள்ளைகளை வருகிறார்கள் என்று காட்டுகிறார், அவரை மாற்றுங்கள் என்பது கடிதம். பள்ளிக்கூடத்தின் முதல் பிள்ளைகள் நாலு பேர் ஒப்பம் வைத்தால் கல்விக் கந்தோரில் மதிப்பு என்று மனேச்சர் சொன்னார். நீங்கள் மூன்று பேரும் பெருவிரலை மையில் தொட்டு வைத்தீர்கள். நான் பேனையை வாங்கிக் கையெழுத்தே வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், மற்றவர்கள் பார்த்தார்களோ என்று. வருகிற புதன்கிழமை கந்தோரிலிருந்து விசாரிக்க வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்னம் நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் காணி கிடைத்து, அப்பா ஆட்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து காடு வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு காணி, ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரிக் கிணறு. எல்லாம் ஒரே அளவாக இருக்கிற இடத்தில் பொறாமைக்கு வேலையில்லை என்று நினைப்பீர்கள். அங்கேதான் அது நன்றாக வளரும். ஒரு சாண் வித்தியாசமும் கண்ணில் குத்தும். மற்ற வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் மேலே வந்தாலும் எங்கள் அம்மா ஒரு நாள் சாப்பிட மாட்டார். நான் அந்த அம்மாவின் மகள்.

பள்ளிக்கூடம் என்று இருந்தது ஒரு கிடுகுக் கொட்டில். சாணி மெழுகின தரை. பெரிய பிள்ளைகள் இருக்க இரண்டு மர வாங்கு. சின்னன்கள் முன்னால் கொட்டியிருந்த மணலில் குந்தியிருந்து விரலால் எழுதும். கூரையின் வளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் மணி. நாலு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். தலைமை வாத்தியாரும் அவர்தான், கூட்டுகிறவரும் அவர்தான். மெலிந்த மனிதர். தோளில் சால்வை, கையில் கம்பி வளைந்த குடை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தட்டி மறைத்து ஒரு அறை. சமையலும் படுக்கையும் அதற்குள்ளேதான். வகுப்பு நடக்கும்போதே அங்கே பருப்பு அவியும். பத்து மணியளவில் அது கருகிய மணம் வரும். "நிப்பாட்டாதே, வாசி" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடுவார். நாங்கள் வாசிப்பை விட்டுவிட்டுச் சிரிப்போம். இன்றைக்கும் பருப்பு அடிப்பிடித்தால் எனக்கு அந்த நாலாம் பாடம்தான் ஞாபகம் வருகிறது.

அந்தக் கொட்டில் அப்போது அரசாங்கப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் தகப்பன்மார் போட்டுக் கொடுத்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் நாற்பது பிள்ளைகள் தலை காட்டினால் அரசாங்கம் பொறுப்பெடுக்கும், கல்லுக் கட்டடம் வரும், இன்னொரு வாத்தியார் வருவார், மேல் வகுப்புகளும் வரும் என்று ஊரில் கதை. வாத்தியாரின் இடாப்பில் நாற்பத்துமூன்று பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அவர் நடந்த நடை எங்களுக்குத் தெரியும். யாராவது இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அந்த வீட்டுப் படலையில் குடை தெரியும்.

இடாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான கொப்பி, கறுத்த மட்டை, முதுகில் சிவப்புத் துணி. பூச்சி அரிக்காமல் இருக்கக் கற்பூரத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து, மெழுகுசீலையில் சுற்றி வைத்திருப்பார். காலையில் அதைத் திறந்ததும் கற்பூரமும் சிவப்பு மையும் கலந்து ஒரு மணம் வரும். கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு மணம் வந்ததில்லை. பெயர் கூப்பிடுவார், "வந்தேன் ஐயா" என்றால் கறுப்பில் ஒரு சின்னக் கோடு, ஆள் இல்லாவிட்டால் சிவப்பில். அந்த இடாப்பை ஒரு நாளாவது தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைக்க வேண்டும் என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த ஆசை. சட்டை, காப்பு, ரிபன் எதிலும் எனக்கு அவ்வளவு ஆசை இருக்கவில்லை.

அதைத் தூக்கினவள் என் மச்சாள். மாமாவின் மகள், எனக்கு ஒரு மாதம் இளையவள். வாத்தியார் அவளைச் சட்டாம்பிள்ளையாக வைத்தார். காலையில் அறைக்குப் போய் இடாப்பை எடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள். கெட்டிக்காரியா என்றால் இல்லை. நான் ஒரே மூச்சில் வாசிக்கிற பாடத்தை அவள் மூன்று இடத்தில் நின்றுதான் வாசிப்பாள். எழுத்து மட்டும் அழகு. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், வாத்தியாருக்கு மாமா வீட்டுத் தயிர் போகிறதாக்கும் என்று. அம்மாவுக்கு அந்தக் கதை நன்றாகப் பிடித்தது. அடுத்த நாளே கிணற்றடியில் இரண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் நானே கண்டேன். மாமா, வயலில் கிளி விழுகிறது, கைக்குழந்தையைப் பார்க்கவும் ஆளில்லை என்று மச்சாளை மறித்துவிட்டார். வாத்தியார் படலையில் வந்து நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம். "சட்டாம்பிள்ளை வராமல் நான் இடாப்பைத் திறக்க ஏலாது. நாற்பது பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்குதுகள். நீங்கள் அனுப்பேக்கை அனுப்புங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மாமா மண்வெட்டியை வேலியில் சாத்தினார். பிறகு, "போ, போய்த் துலை" என்று அவளை அனுப்பினார். ஒரு பெட்டைக்கு இவ்வளவு தூக்கிப் பிடிப்பா என்று எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒரு நாளும் மறிக்கப்பட்டதில்லை. என்னைத் தேடி அந்தக் குடை எங்கள் படலைக்கு வந்ததும் இல்லை.

அந்த வருசம் பாலைப்பழம் காய்ச்சுக் கொட்டிய வருசம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தூர்ந்த குளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மூன்று பாலை. கொக்கத்தடி போட்டு இழுத்தால் மஞ்சள் முத்துக் கொட்டுவது போல் விழும். வாயில் போட்டால் தேன். ஆனால் அதன் பால் உதட்டில் ஒட்டினால் பிசின் மாதிரி. எண்ணெய் பூசித் தேய்க்காவிட்டால் உதட்டைப் பிரிக்க முடியாது. கரடியும் அதே பழத்துக்குத்தான் வரும் என்பதால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று எல்லா வீட்டிலும் கட்டளை.

அந்தக் காலத்தில்தான் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற செய்தி வந்தது. வாத்தியார் நாற்பத்துமூன்று வீட்டுக்கும் நடந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரும் தோய்ந்து, தலை வாரி, தோய்த்த உடுப்போடு வர வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் ஒரு பிள்ளை எழுந்து பாடம் வாசிக்க வேண்டும். அது நான்தான் என்று எனக்கு நிச்சயம். வாத்தியார் மச்சாளின் பெயரைச் சொன்னார்.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, நான் வாசிக்கிறன்."

"நீ எந்த நாளும் வாசிக்கிறனிதானே, பிள்ளை. அண்டைக்கு அவள் வாசிக்கட்டும். அவளின்ர அப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறன்" என்றார்.

எனக்கு அந்த இரண்டாவது வசனம் காதில் விழவில்லை. முதலாவதுதான் விழுந்தது.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாய்க்கால் மதகைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை மச்சாள் மாமாவோடு விடியவே போய்விட்டாள். மற்ற எல்லாருக்கும் முன்னம் நான் மதகடிக்கு வந்து நின்றேன். ஒவ்வொருவராக வந்தீர்கள். "இன்ஸ்பெக்டருக்குச் சுகமில்லையாம். இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை எண்டு ஐயா சொல்லி விட்டவர்" என்று சொன்னேன். வழியில் ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதாக இத்தனை வருசமும் நீங்கள் நம்பியிருந்தீர்கள். நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று எனக்காகச் சமாதானமும் சொன்னீர்கள். ஒருவரும் வரவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அது நான் இட்டுக்கட்டின பொய்.

எழுதுகிறவள் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை.

பள்ளிக்கூடத்தைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது என்ற கணக்கெல்லாம் அப்போது என் தலையில் இல்லை. மச்சாள் எழுந்து வாசிக்கிறபோது அவளைப் பார்க்க ஆள் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பாலை நன்றாகப் பழுத்திருக்கு, வாறியளோ என்று நான்தான் கேட்டேன். தோய்ந்து உலர்ந்த தலையோடு பன்னிரண்டு பேரும் காட்டுக்குள் இறங்கினோம். அக்கா, உங்கள் புதுச் சட்டையின் விளிம்பு முள்ளில் கிழிந்து நீங்கள் அழுதீர்கள். அண்ணை, நீங்கள் பற்றைக்குள் ஒளித்திருந்து உறுமி, கரடி என்று எங்களை ஓட வைத்தீர்கள். அப்படி நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் சிரித்ததில்லை. அதுதான் வெட்கம். அந்த நாளை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

மத்தியானம் திரும்பி வருகிறபோது மதகடி மணலில் சைக்கிள் தடம் இருந்தது. போனதும் வந்ததும் இரண்டு தடம். எங்கள் ஊரில் அப்போது சைக்கிள் கிடையாது. காட்டுக்குப் போனதை வீட்டில் சொன்னால் எல்லாருக்கும் தோல் உரியும் என்று நான் சொன்னேன். உதடுகள் ஒட்டியபடி எல்லாரும் தலையாட்டினீர்கள்.

அடுத்த நாள் வாத்தியார் இடாப்பைத் திறந்தபோது அதில் பன்னிரண்டு சிவப்புக் கோடு இருந்தது. அவர் போட்டதல்ல. இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே போட்டது. ஒவ்வொன்றும் கட்டத்துக்கு வெளியே நீண்டு கிடந்தது. அவர் பெயர் கூப்பிட்டாராம், பன்னிரண்டு பேருக்கும் பதில் இல்லையாம், இது கள்ள இடாப்பு என்று எழுதிவைத்துவிட்டுப் போனாராம். வாத்தியார் எங்களை எழும்பி நிற்கச் சொன்னார். "எங்கை போனியள்?" என்று ஒரு தரம்தான் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு மச்சாளைப் பார்த்து, "சட்டாம்பிள்ளை, உனக்குத் தெரியுமோ?" என்றார்.

மச்சாள் என் வாயைப் பார்த்தாள். அம்மா எவ்வளவு தேய்த்தும் போகாமல் என் உதட்டோரத்தில் பால் காய்ந்து கறுத்துக் கிடந்தது. "தெரியாது ஐயா" என்றாள்.

இடைவேளைக்கு விட்டதும் என்னைக் கொட்டிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். தன் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள். அப்போதெல்லாம் தலையில் எண்ணெய் வழிய வழியத்தானே வைப்பார்கள். அந்தக் கையால் என் உதட்டைத் துடைத்துவிட்டாள். அவளின் தலையெண்ணெய் மணம் அன்று முழுக்க என் மூக்கிலேயே இருந்தது. அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன். அந்த நல்லதனம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இடாப்பும் அவளுக்கு, வாசிப்பும் அவளுக்கு, நல்லவள் என்ற பெயரும் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. எங்கள் அப்பாதான் எல்லாரையும்விடக் கூடச் சத்தம் போட்டவர். பெயர் எடுக்கிற ஆசையில் இல்லாத பிள்ளைகளை எழுதி வைத்தவர், ஊருக்குத் தலைகுனிவு என்றார். வாத்தியார் எழுந்து, "என்ர இடாப்பிலை இருக்கிற ஒவ்வொரு பேருக்கும் ஒரு பிள்ளை இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். எங்கள் உதடுகளைக் கண்ட மனிதர் அவர். ஒரு வசனத்தில் தப்பியிருக்கலாம். சொன்னால் பன்னிரண்டு பேருக்கும் அடி விழும், அதோடு நாலைந்து பேரின் படிப்பும் நிற்கும் என்று நினைத்திருப்பார். இது இப்போது விளங்குகிறது. தாய்மாருக்கும் தெரியும். பன்னிரண்டு குசினியிலும் எண்ணெய் தேய்த்துக் கழுவின வாய்கள்தானே. தன் பிள்ளை மட்டும்தான் களவாகப் போனது என்று ஒவ்வொருத்தியும் நினைத்து, ஒவ்வொருத்தியும் மறைத்தாள். எங்கள் அம்மா என் கையைப் பிடித்து நசுக்கி, "பேசாமல் இரு" என்றார். இருந்தேன். ஐம்பத்துமூன்று வருசம் இருந்தேன்.

மாதம் முடிய வாத்தியார் போனார். மாட்டு வண்டியில் ஒரு பெட்டி, குடை, அடி கருகிய அந்தப் பானை. பக்கத்தில் வைக்கோலின் மேல் மச்சாள். அவள் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வாசித்தது மாமாவுக்குப் பெருமையாகப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வாத்தியார் கேட்டிருக்கிறார், யாழ்ப்பாணத்தில் தன் தமக்கை வீட்டில் நிற்க விடுங்கள், அங்கே படிக்கட்டும் என்று. அன்றைக்கு அவள் வாசித்தபோது மற்ற முப்பது பிள்ளைகளும் மாமாவும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் மறிக்க நினைத்தது ஒன்றே ஒன்று, அது மறிபடவில்லை. மற்ற எல்லாம் மறிபட்டது.

வண்டி போன பிறகு கொட்டிலுக்குப் போனேன். இடாப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி எடுத்து, மச்சாள் பிடிக்கிற மாதிரியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசைக்கு நடந்தேன். கூப்பிட ஒரு பிள்ளையும் இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா மிச்சத் தாள்களைக் கிழித்துக் கிழித்து மிளகாய் விதை சுற்றினார். கற்பூரத் துண்டு மட்டும் கொஞ்ச நாள் என்னிடம் இருந்தது, பிறகு அதுவும் கரைந்துவிட்டது. மாரியில் கொட்டில் சரிந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடம் எங்கள் ஊருக்கு வந்தபோது என் இடுப்பில் இரண்டாவது பிள்ளை. நான் நாலாம் பாடத்தோடு நின்றேன். நீங்களும்தான். உங்கள் பெருவிரலில் இருந்த மை என்னால் வந்தது.

மச்சாள் வாத்தியார் அம்மாவாகத் திரும்பி வந்தாள். அவளின் மகள்தான் இப்போதைய அதிபர். இது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அந்தப் பிள்ளை கதிரையில் இருக்கிறதைக் காணுகிற ஒவ்வொரு தரமும் நான் என்ன பட்டேன் என்பது. அவள் மகள் நிழலில் இருந்து கையெழுத்து வைக்கிறாள், என் மகள் வெயிலில் களை பிடுங்குகிறாள். சண்டையில் இடம்பெயர்ந்து காட்டுக்குள் இருந்த வருசங்களில் மரத்துக்கு மரம் தறப்பாள் கட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினது அந்தப் பிள்ளைதான். நாங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர் இடாப்புகளைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். நான் அதையும் கண்டுவிட்டு, பார் எடுப்பை என்றுதான் சொன்னேன். மச்சாள் அங்கேதான் ஒரு தறப்பாளுக்குள் செத்துப்போனாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நான் செத்த வீட்டுக்குப் போகவில்லை.

சண்டை நின்று, பாதை திறந்து இரண்டு வருசமாகிறது. இப்போது சனம் வருகிறதும் போகிறதுமாக இருக்கிறது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு வவுனியா, திரும்ப இங்கே. போன பிள்ளைகளின் பெயரை அதிபர் வெட்டுவதில்லை. திரும்பி வந்தால் அதே இடத்தில் இருக்கட்டும் என்கிறார். வெட்டினால் பிள்ளைகள் குறைவு என்று மேல் வகுப்புகளை மூடிவிடுவார்கள் என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. இதுதான் மனேச்சரின் கடிதத்தில் கள்ள இடாப்பு. மனேச்சரின் பிள்ளைகள் புதுக்குடியிருப்புக்கு ரியூசனுக்குப் போகிறார்கள், அவருக்கு இந்தப் பள்ளிக்கூடம் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. சங்கக்கடை வரிசையில் கள்ள இடாப்பு என்ற அந்த இரண்டு சொல்லையும் கேட்டதும் எனக்கு அப்பாவின் குரல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாயாசம் குடித்த மாதிரி இருந்தது.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் பேத்தி வகுப்பில் முதலாவது. பள்ளிக்கூடத்து மணி இப்போது வெடித்த ஷெல்லின் இரும்புக் கோது. அதை அடிக்கிற பொறுப்பை அதிபர் தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டிருக்கிற, இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பெட்டைக்குக் கொடுத்துவிட்டார். முதலாவதாக வருகிறவள் இருக்க, நேரத்துக்கு வராதவளுக்கு மணியா? கடிதத்தில் கையெழுத்தை வைத்துவிட்டு வந்து, பேத்தியையும் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று மறித்துவிட்டேன்.

நாலாம் நாள் அதிபர் படலையில் வந்து சைக்கிளை விட்டு இறங்கினார். என் கையெழுத்தைப் பற்றித் தெரிந்திருந்ததோ தெரியாது, முகத்தில் ஒன்றுமில்லை.

"மாமி, பேத்தி மூண்டு நாளா வரேல்லை. இடாப்பிலை பேர் கிடக்கு, பிள்ளையைக் காணேல்லை."

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. "உங்கட இடாப்பிலை ஆள் இல்லாத பேர் கனக்க இருக்காமே."

"ஓம் மாமி. அதுகளைத் தேடித்தான் சைக்கிள் உழக்கிறன்" என்றார். போக வெளிக்கிட்டவர், படலையைச் சாத்தியபடி சொன்னார்: "அம்மா சொல்லுறவா, வாசிப்பிலை மாமியை வெல்ல ஏலாது எண்டு. பேத்தியும் அப்பிடித்தான். நாளைக்கு விடுங்கோ."

அவர் போன பிறகு நான் எழும்பிப் போய் அந்தப் படலையைத் தொட்டுப் பார்த்தேன். ஐம்பத்துமூன்று வருசத்துக்குப் பிறகு என் படலைக்கும் ஒரு ஆள் வந்திருக்கிறது. மச்சாள் செத்தும் எனக்கு நல்லதே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பேத்தி குசினி வாசலில் நின்றாள். உன்னை விட்டுவிட்டு அவளுக்கு ஏன் மணியைக் கொடுத்தவ என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"அவளுக்குக் குடுக்காட்டி அவள் வராள் அம்மம்மா. தம்பியைப் பார்க்கச் சொல்லித் தாய் மறிக்கிறவா. இப்ப அவள் வராட்டி மணி அடிக்க ஏலாதெல்லே, அதாலை விடுகினம். நான் எண்டால் எப்பிடியும் வருவன்தானே."

கிளி விரட்டவும் கைக்குழந்தையைப் பார்க்கவும் மறிக்கப்பட்ட மச்சாள். சட்டாம்பிள்ளை வராமல் இடாப்பைத் திறக்க ஏலாது என்று படலையில் நின்ற வாத்தியார். அப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன் என்ற, என் காதில் விழாத அந்த வசனம். பதின்மூன்று வயதுப் பெட்டைக்கு விளங்கினது எனக்கு அறுபத்துமூன்றில்தான் விளங்கியது. நான் எப்படியும் வருவேன் என்று அவர் நம்பியிருந்தார். அந்த ஒரு செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை.

அக்கா, அண்ணை, மில்லடிக்காரி, இதைக் கேளுங்கள். ரியூசன் கொட்டிலில் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே இடாப்பு இல்லை. வராத பிள்ளையை அங்கே ஒருவரும் தேடுவதில்லை. வராத பிள்ளையைத் தேடிப் போகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான், அதை நடத்துகிற ஆளைத்தான் நாங்கள் துரத்தப் பார்க்கிறோம். ஒரு தரம் துரத்தினோம். எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கிற காலம்வரை ஊரில் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது. அந்த மூன்று பாலையும் இன்னும் நிற்கின்றனவோ தெரியாது. அந்தப் பக்கம் முழுக்க மண்டையோடு போட்ட பலகை, மிதிவெடி. பழத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று பயப்பட வேண்டாம்.

புதன்கிழமை நான் போவேன். கந்தோர் ஆட்களுக்கு முன்னால் இதை வாசிக்கச் சொல்லி, என் கையெழுத்தை வெட்டித் தரச் சொல்லிக் கேட்பேன். நீங்களும் வந்து உங்கள் விரலைத் திருப்பி எடுங்கள். வராவிட்டாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அந்தக் கதிரையைக் கண்டால் புதன்கிழமையும் எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டே போவேன்.

பிள்ளை, காணும், பேனையை வை. இனி வாசி. முதலிலை இருந்து வேண்டாம். மதகடியிலை நான் சொன்ன பொய் இருக்கெல்லே, அந்த இடத்திலை தொடங்கு. மெல்ல வாசி. அம்மம்மா பாவம் எண்டு நீ அதை மாத்தி எழுதினியோ எண்டு பார்ப்பம்.